பெத்தாங், மொல்க்கி, குப்: முதல்முறை ஆடுபவர்களுக்கு மூன்று ஐரோப்பிய எறி விளையாட்டுகள்

பிரான்ஸில் பெத்தாங், பின்லாந்தில் மொல்க்கி, சுவீடனில் குப். மூன்றும் வெட்டவெளியில் ஆடுபவை, மூன்றிலும் கையைத் தாழ்வாக வீசித்தான் எறிய வேண்டும், மூன்றிலும் ஓட்டம் கிடையாது. எட்டு வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் எதிரெதிர் அணியில் நின்று, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நிஜமாகவே மோதலாம்; எனக்கு இந்த விளையாட்டுகள் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான். தோள் பலம் இங்கே பெரிதாக உதவாது. தரையை நிதானமாகப் பார்க்கிறவரும், ஒவ்வொரு தடவையும் கையை ஒரே மாதிரி வீசுகிறவரும் ஜெயிப்பார்கள்.

எஃகுக் குண்டுகளை ஒரு சின்ன இலக்குக்கு முடிந்தவரை பக்கத்தில் எறிந்து நிறுத்துவதுதான் பெத்தாங், அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். அதன் விதிகள் பத்து நிமிடத்தில் மனதில் ஏறிவிடும், கை பழகத்தான் நாளாகும், அதனால் கையைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெத்தாங்

மார்செய் நகரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக லா சியோத்தா என்று ஒரு ஊர். 1907 வாக்கில் அங்கே பிறந்தது இந்த ஆட்டம். அதற்கு முன்பு அந்தப் பக்கத்தில் ஆடியது ழூ ப்ரொவான்சால் என்ற குண்டு எறியும் ஆட்டம். இலக்கு 15 முதல் 20 மீட்டர் தள்ளி இருக்கும், எதிரியின் குண்டை அடிக்க வேண்டுமானால் மூன்று எட்டு ஓடிவந்து எறிய வேண்டும். ழூல் லெனுவார் என்பவர் அதில் கைதேர்ந்தவர். மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போனதும் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார். காபிக்கடை நடத்திய அவருடைய நண்பர் எர்னஸ்ட் பித்தியோவுக்கு அது பொறுக்கவில்லை. தூரத்தைக் குறைத்தார்கள், தரையில் ஒரு வட்டம் போட்டார்கள், அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்றபடியே எறியலாம் என்று வைத்துக்கொண்டார்கள். 1910இல் அதே ஊரில் பெத்தாங் என்ற பெயரிலேயே முதல் போட்டி நடந்தது. ஓட முடியாத ஒரு நண்பரும் ஆட்டத்தில் இருக்க வேண்டும் என்று மாற்றிய ஆட்டம், இன்றைக்கு உலகப் போட்டி வரைக்கும் போயிருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த புதுச்சேரியிலும் இதை ஆடுகிறார்கள், அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள்.

என்ன வேண்டும்? உள்ளே கூடாக இருக்கும் எஃகுக் குண்டுகள், இலக்காக வைக்கும் கொஷொனே என்கிற சின்ன உருண்டை ஒன்று, அளக்க ஒரு டேப். போட்டிக் குண்டின் விட்டம் 70.5 மில்லிமீட்டரிலிருந்து 80 மில்லிமீட்டர் வரை, எடை 650 கிராமிலிருந்து 800 கிராம் வரை இருக்கலாம். புதிதாக வாங்குபவர்கள் 700 கிராமைச் சுற்றி எடுத்தால் போதும். கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் விரல்கள் குண்டைச் சுற்றி வசதியாக அடங்கவில்லை என்றால் எத்தனை பழகினாலும் அது சரியாக விடுபடாது. கொஷொனே வெறும் 30 மில்லிமீட்டர்தான், தூரத்திலிருந்து தெரிகிற நிறமாகப் பார்த்து எடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை புல்வெளியைத் தவிர்த்துவிடுங்கள், குண்டு விழுந்த இடத்திலேயே அமுங்கிவிடும். சரளை பரப்பிய பாதை, கெட்டியான மண் தரை, கொஞ்சம் மேடுபள்ளம் என்று இருந்தால்தான் ஆட்டம் சுவைக்கும். பெரிய போட்டிகளில் 15 மீட்டருக்கு 4 மீட்டர் என்று கோடு போடுவார்கள், நாம் ஆட அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஒற்றைக்கு ஒற்றை என்றால் ஆளுக்கு 3 குண்டு. இரண்டு பேர் அணி என்றாலும் ஆளுக்கு 3 தான். மூன்று பேர் அணி என்றால் ஆளுக்கு 2.

1. நாணயம் சுண்டி ஜெயித்த அணி தரையில் வட்டம் போடும், விட்டம் 35 முதல் 50 சென்டிமீட்டர். எறிபவரின் இரண்டு பாதமும் அதற்குள் இருக்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது, எறிந்த குண்டு தரையைத் தொடும் வரை காலைத் தூக்கக் கூடாது. புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். எறிந்த வேகத்தில் தானாக ஒரு எட்டு முன்னால் போய்விடும்.

2. அதே அணி வட்டத்திலிருந்து கொஷொனேயை எறியும். அது 6 முதல் 10 மீட்டருக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எதிரணி அதை எடுத்து, அந்தத் தூரத்துக்குள் தனக்கு வேண்டிய இடத்தில் கையாலேயே வைத்துவிடும்.

3. கொஷொனேயை எறிந்த அணி முதல் குண்டையும் எறியும், அதற்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில். அடுத்து எதிரணி. இதற்கு மேல் முறை வைத்து மாற்றி மாற்றி எறிவது கிடையாது: யாருடைய குண்டு தள்ளி இருக்கிறதோ அவர்கள்தான் எறிய வேண்டும், எதிரியைவிடப் பக்கத்தில் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தும் வரை அல்லது கையில் குண்டு தீரும் வரை எறிந்துகொண்டே இருக்க வேண்டும்.

4. எல்லாக் குண்டும் தீர்ந்ததும் கணக்கு. எதிரணியின் மிகக் கிட்டத்துக் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பக்கத்தில் உங்களுக்கு எத்தனை குண்டு இருக்கிறதோ அத்தனை புள்ளி. உங்களுடையவை 20, 35 சென்டிமீட்டரில் இருக்கின்றன, எதிரியின் சிறந்தது 50இல் என்றால் உங்களுக்கு 2, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் முன் எந்தக் குண்டையும் எடுக்காதீர்கள், எடுத்தால் அது செல்லாது.

5. ஜெயித்த அணி, கொஷொனே கடைசியாக நின்ற இடத்தில் புது வட்டம் போட்டு மறுபடி ஆரம்பிக்கும். 13 புள்ளியை முதலில் தொடுகிறவருக்கு வெற்றி. 13–0 என்று தோற்றவர்களுக்குத் தெற்கு பிரான்ஸில் ஒரு சடங்கு உண்டு: ஃபன்னி என்ற பெண்ணின் பின்புறத்தைக் காட்டும் படத்தையோ சிற்பத்தையோ மண்டியிட்டு முத்தமிட வேண்டும். பல ஆடுகளங்களில் இதற்கென்றே அந்தப் படத்தை மாட்டி வைத்திருப்பார்கள்.

விதி அவ்வளவுதான். இனி கை.

குண்டை உள்ளங்கையில் வைத்து, விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள், கட்டைவிரல் பக்கத்தில் சும்மா இருக்கட்டும். இப்போது கையைத் திருப்புங்கள்: உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும், புறங்கை வானத்தைப் பார்க்க வேண்டும். முதல் தடவை இது விநோதமாக இருக்கும், குண்டு நழுவிவிடுமோ என்று தோன்றும். அப்படியே கையைப் பின்னால் கொண்டுபோய், முழங்கையை மடக்காமல் முன்னால் வீசி, இடுப்புக்கு மேலே வரும்போது விரல்களைத் திறந்துவிடுங்கள். குண்டு விரல் நுனிகளை உரசிக்கொண்டு போகும்போது அதற்குப் பின்சுழற்சி கிடைக்கிறது. தரையில் விழுந்ததும் அந்தச் சுழற்சிதான் அதை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி எறிந்தால் குண்டு முன்பக்கமாகச் சுழன்று, விழுந்த வேகத்தில் ஓடியே போய்விடும்.

எறியும் முன் கொஷொனேயைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். முன்னால் நடந்து போய்த் தரையைப் பாருங்கள். எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே கல் நீட்டிக்கொண்டிருக்கிறது, குண்டு எங்கே விழுந்தால் உருண்டு சரியாகப் போகும் என்று ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் வட்டத்துக்குத் திரும்பி வந்து கண்ணை அந்த இடத்திலேயே வையுங்கள். முந்தைய குண்டு ஒன்று விழுந்து பள்ளம் ஆகியிருந்தால் அதை மட்டும் மூடிவிட்டு எறியலாம், மற்றபடி கல்லைப் பொறுக்கவோ தரையை மிதித்துச் சமன் செய்யவோ கூடாது. விழும் இடத்தைப் பார்த்து எறியப் பழகிய அன்றைக்கே ஆட்டம் மாறிவிடும், வேறு எந்த நுணுக்கத்தையும்விட இதைத்தான் நான் வற்புறுத்துவேன்.

உருட்டிவிடலாம், பாதித் தூரத்தில் விழுமாறு போடலாம், உயரமாகத் தூக்கி இலக்குப் பக்கத்திலேயே விழவைக்கலாம். முதலில் பாதித் தூரத்தைப் பழகுங்கள். சமதரையில் உருட்டுவது சுலபம், ஆனால் சரளையில் ஒரு சின்னக் கல் போதும், குண்டைத் திருப்பிவிடும். உயரமாகப் போடுவதற்குப் பின்சுழற்சி நன்றாகக் கைவந்திருக்க வேண்டும். இலக்கைத் தாண்டிப் போவதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே நிற்பது எப்போதும் நல்லது: முன்னால் நிற்கும் குண்டு எதிரியின் வழியை மறிக்கும், அவர்கள் தவறி அதைத் தொட்டாலும் இலக்கை நோக்கித்தான் அதைத் தள்ளிவிடுவார்கள்.

எதிரியின் குண்டு இலக்கை ஒட்டியே நிற்கிறது, அதைவிட நெருங்கவே முடியாது என்றால் அடித்துத் தூக்க வேண்டியதுதான். இடையில் தரையில் படாமல் நேராக அந்தக் குண்டின் மேலேயே விழ வேண்டும். அடிபட்டது பறந்து போய், நம் குண்டு அதே இடத்தில் அப்படியே நின்றுவிட்டால் அதற்குக் கரோ என்று பெயர், பிரெஞ்சு மைதானங்களில் கைதட்டல் கிடைப்பது அதற்குத்தான். இதைத் தனியாகப் பழகலாம்: 6 மீட்டரில் ஒரு குண்டை வைத்து அடித்துப் பாருங்கள், பிறகு 7, 8, 9 மீட்டர் என்று தள்ளி வையுங்கள்.

மொல்க்கி

ஆறேழு பேர் கூடியிருக்கிறோம், யாருக்கும் எதுவும் தெரியாது, சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் மொல்க்கியை எடுங்கள். இப்போதுள்ள வடிவத்தில் இது பழையது இல்லை, லாஹ்தி நகரத்தில் 1996இல் வந்தது. வேர் பழையது: கரேலியாப் பகுதியில் கட்டையால் கட்டையை அடித்து ஆடிய க்யூக்கா என்ற ஆட்டத்திலிருந்துதான் இது பிறந்தது.

12 மரக் கட்டைகள், உச்சியைச் சாய்வாக வெட்டி 1 முதல் 12 வரை எண் எழுதியிருக்கும். எறிய இன்னொரு உருளைக் கட்டை. வாங்கக் கிடைக்காவிட்டால் 6 சென்டிமீட்டர் தடிமனுள்ள உருட்டுக் கட்டையை 15 சென்டிமீட்டர் நீளத்தில் 12 துண்டுகளாகவும், எறிவதற்கு 22 சென்டிமீட்டர் சொச்சத்தில் ஒன்றாகவும் அறுத்துத்தரச் சொல்லுங்கள், வேலை முடிந்தது.

எறிபவர் பக்கமிருந்து பார்த்தால் முன்வரிசையில் 1, 2. அடுத்து 3, 10, 4. மூன்றாவது வரிசையில் 5, 11, 12, 6. கடைசியில் 7, 9, 8. கட்டைகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கட்டும். 3 அல்லது 4 மீட்டர் தள்ளி நின்று, கையைத் தாழ்வாக வீசி எறியுங்கள். ஒரே ஒரு கட்டை விழுந்தால் அதில் எழுதியிருக்கும் எண் உங்களுக்குப் புள்ளி. ஒன்றுக்கு மேல் விழுந்தால் எண்ணைப் பார்க்கக் கூடாது, எத்தனை விழுந்ததோ அத்தனை புள்ளிதான். இன்னொரு கட்டையில் சாய்ந்து நிற்பது விழுந்த கணக்கில் சேராது.

அப்புறம் வருவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்: விழுந்த கட்டைகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது, விழுந்து கிடக்கும் இடத்திலேயே நிமிர்த்தி வைக்க வேண்டும். அதனால் நெருக்கமாக ஆரம்பித்த கூட்டம் நாலைந்து சுற்றுக்குள் சிதறிவிடும். தொடக்கத்தில் 12ஐத் தனியாகச் சாய்க்க வழியே இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து அது தனியாக எங்கோ நிற்கும், ஆனால் இப்போது தூரம் 6, 7 மீட்டர் ஆகிவிட்டிருக்கும்.

சரியாக 50 எடுத்தவர் ஜெயிப்பார். தாண்டினால் 25க்கு இறங்க வேண்டும். மூன்று முறை தொடர்ந்து ஒன்றும் விழாவிட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே. 35ஐத் தாண்டியதும் கணக்குப் போட ஆரம்பியுங்கள்: 44இல் இருக்கிறீர்கள் என்றால் 6 என்று எழுதிய கட்டையைத் தனியாக விழவைக்க வேண்டும், அல்லது ஏதாவது ஆறு கட்டைகளை ஒன்றாக. சிதறிப் போன களத்தில் ஆறு ஒன்றாக விழுவது நடக்காத காரியம், எனவே 6ஐச் சுற்றி வேறு கட்டை ஏதாவது நிற்கிறதா என்று முந்தைய சுற்றிலேயே பார்த்து வையுங்கள்.

குப்

இதற்குத்தான் புல்வெளி வேண்டும். சுவீடனின் காட்லண்ட் தீவோடு சேர்ந்த ஆட்டம் இது. அங்கே ரோனே என்ற ஊரில் 1995 முதல் உலகப் போட்டி நடக்கிறது. 5 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம் அளந்து நாலு மூலையிலும் முளை அடியுங்கள். நடுவில் உயரமான ராஜா கட்டை, இரண்டு முனைக் கோட்டிலும் ஐந்தைந்து குப் கட்டைகள், எறிய ஆறு தடிகள்.

முதல் அணி தன் கோட்டிலிருந்து எதிர்க் கோட்டுக் குப்களை நோக்கி ஆறு தடிகளையும் எறியும். தடி நுனிமேல் நுனியாகக் கரணமடித்துப் போகலாம், பக்கவாட்டில் விசிறி மாதிரி சுழலக் கூடாது. விழுந்த குப்களை எதிரணி எடுத்து, முதல் அணியின் பாதிக்குள் வீசும். விழுந்த இடத்தில் முதல் அணி அவற்றை நிமிர்த்தி வைக்கும். இனி எதிரணி எறியும்போது நடுக்களத்தில் நிற்கும் இந்தக் குப்களை முதலில் சாய்த்த பிறகுதான் முனைக் கோட்டில் இருப்பவற்றைத் தொடலாம். ஏதாவது ஒன்றைச் சாய்க்காமல் விட்டால் தண்டனை உடனே கிடைக்கும்: முதல் அணி அந்தக் குப் நிற்கும் இடம் வரை முன்னேறி வந்து, அங்கிருந்தே எறியலாம். ஆகவே வீசும்போது குப்கள் ஒன்றோடொன்று நெருங்கி விழுமாறு வீசினால் ஒரே தடியில் இரண்டு மூன்றை எடுத்துவிடலாம்.

எதிரணிக் குப்கள் எல்லாம் விழுந்த பிறகு, தன் முனைக் கோட்டுக்குத் திரும்பி வந்து, மிச்சமிருக்கும் தடியால் ராஜாவைச் சாய்த்தால் வெற்றி. அதற்கு முன்பு தவறி ராஜா மேல் தடி பட்டு அது விழுந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, சாய்த்தவர்களுக்குத் தோல்வி. தடிகள் வேகமாக வரும், குழந்தைகளைக் களத்துக்குப் பக்கத்தில் நிற்கவிடாமல் எறிபவருக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

எதில் ஆரம்பிப்பது என்று குழப்பமாக இருந்தால் தரையைப் பாருங்கள். புல் என்றால் குப், சரளை என்றால் பெத்தாங். மொல்க்கிக்கு எந்தத் தரையும் ஒத்துவரும். பெத்தாங் ஆடிவிட்டு வந்ததும் குண்டுகளைத் துடைத்து எண்ணெய்த் துணியால் ஒரு தடவை தேய்த்து வையுங்கள், ஈரத்தோடு பையில் போட்டால் துரு பிடித்துவிடும்.