கொழுந்து வாட்டிப் பார்த்த செலவை வரிக் கணக்கில் எழுதுவது எப்படி?

இலங்கையில் ஹட்டன் பக்கம் சிறிய அளவில் தேயிலை செய்து விற்கும் கம்பனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். "புதுசா ஒன்னு செஞ்சு பார்த்தா அந்தச் செலவுக்கு வரியில கழிவு இருக்கா அண்ணே?" என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், 15 ஆம் பிரிவு: ஆய்வு, அபிவிருத்திச் செலவுக்கான கழிவு.

படி 1: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

அரசாங்கம் கையில் காசு தராது. இலாபத்தில் அந்தச் செலவைக் கழித்து மிச்சத்துக்குத்தான் வரி. கம்பனிக்குப் பொது வீதம் 30%. 100,000 ரூபாய் செலவழித்தால் வரி 30,000 குறையும். உங்கள் கைக்காசு 70,000. செலவை இரு மடங்காகக் கழிக்க விடும் சலுகை இருந்தால் 60,000 குறையும். தோற்றாலும் 40,000தான் போகும் என்று தெரிந்தால் துணிச்சல் வரும். ஒருவர் கண்ட முறையை அடுத்த மலைக்காரரும் பார்த்துப் பழகிவிடுவார், பலன் முழுதும் செய்தவருக்குக் கிடைக்காது. அதனால்தான் அரசு இப்படித் தோள் கொடுக்கிறது.

படி 2: எது ஆய்வு?

உற்பத்தியையோ செய்முறையையோ மேம்படுத்தும் செலவு. முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தால் நான் அதை ஆய்வு என்று எழுதமாட்டேன். இயந்திரத்தின் விலையும் இதில் வராது, அது மூலதனக் கொடுப்பனவில், அதாவது விலையைப் பல வருடங்களுக்குப் பிரித்துக் கழிக்கும் முறையில் போகும். தொடங்குமுன் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கேளுங்கள். 1925 இல் தொடங்கிய நிறுவனம். உங்கள் கேள்விக்கு அங்கே ஏற்கெனவே விடை இருக்கலாம்.

படி 3: கொப்பி போடுங்கள்

இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். என்னிடம் வரும் ஒரு தம்பி ஒரே நாள் கொழுந்தை ஈரம் வற்ற வாட்டுவதற்காக இரண்டு தட்டில் பரப்பினார்: ஒன்று 14 மணி நேரம், மற்றது 18. திகதி, பச்சைக் கொழுந்தின் நிறை, வாடிய நிறை, அன்று மூடுபனியா வெயிலா, கிண்ணத்தில் சாயம் எப்படி இறங்கியது, எல்லாம் எழுதியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பற்றுச்சீட்டு ஒட்டியிருந்தது. வீணாய்ப் போன தூளின் நிறைகூட இருந்தது. அந்தக் கொப்பியை வைத்து அரை மணி நேரத்தில் கணக்கை முடித்தேன்.

படி 4: இலாபம் இல்லையா?

அந்த வருடம் பயன் கிடைக்காது. நட்டத்தைப் பிந்திய வருட இலாபத்தில் கழிப்பதற்காக 6 வருடம் முன்கொண்டு செல்லலாம். புதிதாகத் தொடங்கியவருக்குத்தான் காசு அவசரம். அவருக்கே உதவி பிந்தி வருவது இந்த முறையின் பெரிய குறை. அவர்களுக்கு நேரடி மானியமே பொருத்தம் என்பேன்.

படி 5: அறிக்கை

வரி ஆண்டு மார்ச் 31 இல் முடியும். நவம்பர் 30 க்குள் அறிக்கை போக வேண்டும். ஒக்டோபரிலேயே கொப்பியோடு வாருங்கள்.