வேலை மேசையை அலமாரி ஆக்கிவிடாதீர்கள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வீட்டிலேயே மரவேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் சிக்கல் இடம்தான். பத்துக்குப் பத்து அறை, மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை, இல்லையென்றால் மொட்டை மாடியில் ஷீட் போட்ட கொட்டகை. அதனால் மேசை செய்யலாம் என்று நினைத்ததுமே மனசு டிராயர் பக்கம் போய்விடுகிறது. உளிக்கு ஒன்று, ஸ்க்ரூவுக்கு ஒன்று, டிரில் மெஷினுக்கு ஒன்று என்று காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைகிறோம். நான் செய்த முதல் மேசையும் அப்படித்தான் பிறந்தது. பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் இழைப்புளியை வைத்து அழுத்தித் தள்ளியதும் மேசையே முன்னால் நகர்ந்தது. சரி, பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கலாம் என்றால், மேல்பலகைக்கு அடியில் கிளாம்ப் நுழைய இடமே இல்லை.

நம் ஊர்த் தச்சர்கள் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்தே வேலை செய்தவர்கள். மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கையால் இழைப்பார்கள். அந்தக் கால் செய்யும் வேலையைத்தான் மேசை செய்ய வேண்டும். மரத்தை அசையாமல் பிடிப்பது முதல் வேலை, கருவிகளை வைத்துக்கொள்வது இரண்டாவது. இந்த வரிசையை மாற்றிப் போட்டுத் தொடங்குவதே பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் ஆட்டம். நாற்காலி மேசை செய்கிற மாதிரி நாலு காலை நிறுத்தி, மெல்லிய சட்டங்களை ஆணியிலும் ஸ்க்ரூவிலும் அடித்துவிட்டால் முதல் வாரம் உறுதியாகத்தான் தெரியும். இழைக்கும்போது விசை மேலிருந்து கீழே மட்டும் வருவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. போய் வந்து போய் வந்து அது தள்ளத் தள்ள ஆணித் துளை பெரிதாகிக்கொண்டே போகும். அதற்கு மருந்து அகலமான குறுக்குச் சட்டம். ஐந்து, ஆறு அங்குல அகலம் இருக்கட்டும். சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் சீவிக் காலில் வெட்டிய துளைக்குள் இறக்குங்கள். குட்டைப் பக்கத்துச் சட்டங்களைப் பசை போட்டு நிரந்தரமாகச் சேர்த்துவிடலாம். நீளவாட்டுச் சட்டங்களை மட்டும் அரை அங்குல போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டு இறுக்குங்கள். இதில் இரண்டு லாபம். அக்கினி நட்சத்திர வெயிலில் மரம் காய்ந்து சுருங்கினால் ஸ்பானரை எடுத்து ஒரு திருகு திருகிக்கொள்ளலாம். வாடகை வீட்டை மாற்றும்போது கழற்றவும் முடியும். நம் சந்துகளிலும் குறுகலான படிகளிலும் ஆறடி மேசையை முழுசாக ஏற்றி இறக்குவது நடக்கிற காரியமில்லை.

மேல்பலகையின் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்றரை அங்குலப் பலகையோடு ஒப்பிட்டால் மூன்று அங்குலப் பலகை இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு வளையாமல் நிற்கும். கனம் இரட்டித்தால் விறைப்பு 2 × 2 × 2 என்று ஏறுகிறது என்பதுதான் கணக்கு. எடையும் கூடவே வருகிறது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குலக் கனத்தில் தேக்குப் பலகை போட்டால் மேல்பலகை மட்டுமே ஏறக்குறைய 55 கிலோ. உளியைக் கொட்டாப்புளியால் அடிக்கும்போது அந்த எடையின் அருமை தெரியும். கனப் பலகைக்குப் பணம் போதவில்லை என்றால், பின்பாதியை மெல்லியதாக வைத்துக்கொண்டு அடி விழுகிற முன்பாதிக்காவது கனத்தைக் கொடுங்கள்.

இரண்டடிக்கு மேல் அகலம் வேண்டாம். பின்னால் கை எட்டாத இடம் முழுக்கச் சாமான் சேருவதற்குத்தான் பயன்படும். உயரத்துக்கு ஒரு எளிய அளவு உண்டு. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து மடக்குங்கள். உள்ளங்கை நிற்கும் உயரமே இழைப்பு வேலைக்கான மேசை உயரம். நம்மில் பலருக்கு அது 31 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். சமையல் மேடை உயரத்தைப் பார்த்து அளவெடுக்காதீர்கள். உயரம் கூடிவிட்டால் உடம்பின் பாரத்தை இழைப்புளி மேல் இறக்க முடியாது, தோள்தான் வலிக்கும்.

கால்களைச் சாப்பாட்டு மேசை மாதிரி உள்ளே தள்ளி வைப்பதும் அடிக்கடி பார்க்கிற தவறு. முன்கால்களின் முகமும் மேல்பலகையின் முன்விளிம்பும் ஒரே நேரில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கதவுப் பலகையை நிறுத்திவைத்து, ஒரு முனையை வைஸிலும் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடி) மறுமுனையை மேசைக் காலிலும் பிடித்து விளிம்பை இழைக்க முடியும். வலது கைப் பழக்கமுள்ளவர்கள் வைஸை மேசையின் இடது கோடியில் வையுங்கள். அதன் தாடைகளுக்கு மரப் பட்டி ஒட்டாமல் வேலையைத் தொடங்காதீர்கள், இரும்பு தொட்ட இடமெல்லாம் மரத்தில் தழும்பு விழும்.

மரம் வாங்குகிற விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வால்டாக்ஸ் சாலைக்கோ மாதவரம் பக்கத்து மரக்கடைகளுக்கோ போய்ப் புதுசாக அறுத்த பலகையை வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மேசையாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரம் இருக்கிற மரம் அப்புறம் முறுக்கிக்கொள்ளும். வாங்கி வந்த பலகைகளை நடுநடுவே ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து அடுக்கிக் காற்றாட விடுங்கள். வெயில் நேராக விழக்கூடாது. என் மனசுக்குப் பிடித்தது இடித்த வீட்டு மரம்தான். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய வீடுகளை இடிக்கும்போது தேக்குக் கட்டைகள் இறங்கும். செங்கல்லையும் சுண்ணாம்பையும் பல பத்தாண்டுகள் தாங்கிக் காய்ந்த கட்டைகள் அவை. மேசைக்காலுக்கு அதைவிட நல்ல மரம் கிடைப்பது கஷ்டம். ஆனால் அறுப்பதற்கு முன்னால் காந்தம் வைத்துத் தடவாமல் விட்டுவிடாதீர்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு பழைய ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும்.

துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் பேக்கிங் பெட்டி பைன் மரமும் நமக்கு எளிதாகக் கிடைக்கிறது. வாங்கும்போது கட்டையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் பூச்சி சாக, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தது. எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பைன் மென்மையான மரம், மேல்பலகைக்குச் சுமார்தான். உள்ளே டிராயர் செய்யத் தாராளமாகப் போதும்.

மேல்பலகையைச் சட்டத்தோடு நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டிவிடுவதும் தவறு. ஐப்பசி மழையில் பலகை அகலவாட்டில் விரியும், கோடையில் சுருங்கும். நகர வழியில்லாமல் பிடித்து வைத்தால் பிளந்துகொள்ளும். ஒரு பக்கத்து ஸ்க்ரூவை வட்டத் துளையிலும், மறுபக்கத்து ஸ்க்ரூவை நீள்துளையிலும் போட்டால் போதும். மேலே பளபளவென்று வார்னிஷும் வேண்டாம், வேலைப்பொருள் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் இரண்டு தடவை தேய்த்தால் நிறைவு. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடேறி அது தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. விரித்துத் தனித்தனியாகக் காயப்போடுங்கள்.

இனி டிராயருக்கு வரலாம். மேல்பலகைக்கும் டிராயர் பெட்டிக்கும் நடுவே ஆறு அங்குலமாவது வெற்றிடம் விடுங்கள். கிளாம்ப் நுழைவது அந்த வழியாகத்தான். பெட்டியை மேல்பலகையில் தொங்கவிடாமல், கீழ்க் குறுக்குச் சட்டங்களின் மேல் தனியாக உட்கார வையுங்கள். எடை கீழே இறங்குவதால் மேசை இன்னும் ஊன்றி நிற்கும். பெட்டியின் முதுகுக்கு 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் வைத்துக் கால்களோடு இறுக்கினால் ஆட்டத்தில் மிச்சமிருப்பதும் அடங்கிவிடும். கருவி வைக்கும் இடம் மேசைக்கு உதவுவது இப்படித்தான்.

ஆனால் அந்தப் பெட்டி தரையைத் தொடக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் ஓரடிக்கு மேல் தண்ணீர் நின்றது. என் பழைய மேசையின் கடைசி டிராயர் ஊறி உப்பித் திறக்கவே வரவில்லை. உடைத்துத் திறந்தபோது உளிகள் எல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தன. அவற்றில் இரண்டு என் அப்பா வைத்திருந்தவை. எத்தனை தேய்த்தும் துரு அரித்த குழிகள் போகவில்லை. தரைத்தளத்தில் இருக்கிறவர்கள் கீழ் டிராயரைப் பதினைந்து, பதினெட்டு அங்குல உயரத்தில் தொடங்குங்கள். அதற்குக் கீழே கெட்டுப்போகாத சாமான் மட்டும் இருக்கட்டும். பெட்டிக்குச் சாதா கமர்ஷியல் ப்ளைவுட் வேண்டாம், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் கேளுங்கள். கால்களுக்கு அடியில் கடப்பாக்கல் துண்டு வைத்தால் தரை ஈரம் ஏறாது, கரையான் வந்தாலும் கண்ணில் படும்.

வெள்ளம் வராத வருஷத்திலும் காசிமேட்டுப் பக்கத்து உப்புக் காற்று இரும்பை விடாது. வேலை முடிந்ததும் உளியைத் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெயை மெலிதாகத் தடவி வையுங்கள். உளிகளை ஒரே டிராயரில் கொட்டி வைக்காமல், ஒவ்வொன்றுக்கும் பள்ளம் வெட்டிய கட்டையில் படுக்க வையுங்கள், முனை ஒன்றோடொன்று உரசாது.

இரண்டாவது மேசை செய்தபோது நான் டிராயரை முதலில் செய்யவில்லை. மேல்பலகையும் காலும் மட்டும் முடித்து, கருவிகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் வேலை செய்தேன். கை திரும்பத் திரும்பத் தேடியது பென்சில், மூலைமட்டம், இரண்டு உளி, சின்ன இழைப்புளி ஒன்று. டிரில் மெஷினை வாரத்தில் ஒரு நாள்தான் எடுத்தேன். முன்பு காகிதத்தில் அதற்குத்தான் பெரிய டிராயரை ஒதுக்கியிருந்தேன். இப்போது அந்த மெஷின் சுவரில் தொங்குகிறது. மேல் டிராயர் மூன்று அங்குல ஆழம்தான், இந்த ஐந்து பொருளுக்கும் அது போதுமாக இருக்கிறது.