எரிச்சலும் பருவும் சேர்ந்த முகத்துக்கு முதலுதவிப் பெட்டியில் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பகுதிகளில் கார்த்திகை கழிந்ததும் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும் வறண்ட காற்று, பரு உள்ள முகங்களை இரண்டு பக்கமும் வருத்துகிறது. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிந்து பரு எழும்ப, வாயோரமும் கன்னமும் செதில் செதிலாக உரிந்து, தண்ணீர் பட்டாலே எரியும். அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்வது சோப்பைக் கூடுதலாகத் தேய்ப்பது, பருவின் மேல் பற்பசை வைப்பது, டெட்டால் தொட்டுத் துடைப்பது. பருவை அடக்கும் வேலை வேறு, புண்பட்ட தோலை ஆற்றும் வேலை வேறு என்பதையும், முகம் எரியும் நாட்களில் ஆற்றும் வேலையை முடித்த பிறகே மற்றதைத் தொடங்க வேண்டும் என்பதையும் முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புண் என்றால் காற்றாட விட்டுக் காய வைக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கிப் பாதியைத் திறந்து விட்டு, மீதியைப் பாலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தபோது, மூடப்பட்டு ஈரமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்திருந்தது. பொருக்கு கட்டிய இடத்தில் புதிய செல்கள் அந்தக் கடினமான அடுக்குக்கு அடியில் வழி தேடி நகர வேண்டியிருக்கிறது; ஈரமான பரப்பில் அவை தடையின்றி நகர்கின்றன. கிள்ளிய பருவும் ஒரு சிறு காயம்தான் என்பதால் அதற்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆகவே முதல் வேலை, முகத்தில் போட்டுவரும் எல்லாவற்றையும் நிறுத்துவது. ஸ்கிரப், முல்தானி மட்டி, எலுமிச்சைச் சாறு, பரு ஜெல், வாசனை உள்ள கிரீம் எதுவும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தானால் அவரைக் கேட்டு நிறுத்துங்கள். நல்ல தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. சாதாரணக் குளியல் சோப்போ காரத்தன்மை உடையது. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசிப் போகாமல் தோலிலேயே தங்குவதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. வாசனையில்லாத, நுரை குறைந்த மென்மையான கிளென்சரைக் கொண்டு காலையும் இரவும் விரல் நுனியால் மட்டும் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும்.

அடுத்து சலைன். மருந்துக்கடையில் 100 மில்லி என்.எஸ். என்று கேட்டால் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைந்த, கிருமி நீக்கப்பட்ட நீர் கிடைக்கும். டி.என்.எஸ். என்று எழுதிய பாட்டிலில் குளுக்கோஸ் கலந்திருக்கும் என்பதால் பெயரைப் படித்து வாங்குங்கள். கைகளை நன்றாகக் கழுவிய பின், மடித்த காஸ் துணியை அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, சிவந்த இடத்தின் மேல் பத்து நிமிடம் வைத்திருங்கள். காய்ந்த சீழும் பொருக்கும் தாமாக இளகி, துணியை எடுக்கும்போது அதனோடு வந்துவிடும்; வராததை நகத்தால் உரிக்க வேண்டாம். கெடாமல் வைக்கும் பொருள் எதுவும் அதில் இல்லாததால், திறந்த பாட்டிலை மறுநாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

முகம் ஈரமாக இருக்கும்போதே, உரிந்த இடங்களிலும் உடைந்த பருவின் மேலும் மட்டும் அரிசி மணி அளவு வெள்ளை வாசலினை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அது தோலிலிருந்து நீர் ஆவியாவதைப் பெருமளவு தடுக்கும். சுத்திகரிக்கப்பட்ட வாசலின் துளைகளை அடைப்பதும் இல்லை. தேங்காய் எண்ணெய் அப்படியல்ல. தலைக்குத் தாராளமாக எண்ணெய் வைக்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில், நெற்றியோரம் வரிசையாக வரும் சிறு பருக்களுக்குப் பல நேரம் அந்த எண்ணெய்தான் காரணம். ஆனால் நெற்றியிலோ முதுகிலோ ஒரே அளவில், அரிப்போடு, வேர்வை நாட்களில் எழும்பும் பருக்கள் பூஞ்சையால் வந்தவையாக இருக்கலாம். அவற்றுக்கு மருத்துவர் பார்வை வேண்டும்.

சீழ் கோத்து உடைந்த பருவுக்கு என் கணிப்பில் மிகச் சிறந்தது ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டு. கடைகளில் பிம்பிள் பேட்ச் என்று விற்கிறார்கள். மருந்து எதுவும் சேராத சாதா வகையையே வாங்குங்கள். சலைனால் துடைத்து நன்றாக உலர்ந்த தோலில், வாசலின் தடவாமல் இரவில் ஒட்டினால், பருவிலிருந்து கசியும் நீரை உறிஞ்சிக் கூழாகி, காலையில் நடுவில் வெள்ளை வட்டமாக உப்பியிருப்பதைப் பார்க்கலாம். வெண்மை விளிம்பைத் தொட்டதும், அல்லது ஓரம் தூக்கியதும் மாற்றிவிட வேண்டும். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் நீட்டினால் வலியின்றி வரும். கை பருவுக்குப் போவதைத் தடுப்பதே இதன் பெரிய பயன் என்பேன். உடையாத, ஆழமான கட்டிக்கு இது உதவாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஓரிரு நிமிடம் ஒற்றினால் வலி தணியும்.

அரிப்பு மிகுந்தால் காலமைன் லோஷனைப் பகலில் ஒருமுறை தடவலாம். அதிலுள்ள நீர் ஆவியாகும்போது குளிர்ச்சி தரும். உரிந்த தோலில் மட்டும் வேண்டாம், அது மேலும் உலர்த்தும்.

பெட்டியில் இருந்தாலும் முகத்துக்கு எடுக்கக் கூடாதவை: ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு. கிருமியோடு, ஆற வேண்டிய செல்களையும் இவை புண்படுத்துகின்றன. போவிடோன் அயோடின் கைகால் வெட்டுக்காயத்துக்கு ஏற்றது. பருவுக்கு நாள்தோறும் தடவுவதற்கல்ல. நியோமைசின் கலந்த களிம்புகள் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, கடையில் ‘முகத்துக்கு ஒரு கிரீம்’ என்று கேட்டால் கைக்கு வரும் கலவைக் களிம்பைத்தான். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் ட்யூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் சிவப்பை அடக்கி நம்பிக்கை ஊட்டிவிட்டு, மாதக் கணக்கில் தோலை மெலிய வைத்து, நரம்பு நரம்பாகச் சிவக்க வைத்து, நிறுத்தியதும் முன்னைவிடக் கடுமையான பருவைக் கிளப்பும். 2018இல் மத்திய அரசு இத்தகைய 14 களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவையாக்கியது. ஏற்கெனவே பல வாரங்கள் தடவி வருபவர்கள் தாமாக நிறுத்தாமல், தோல் மருத்துவர் சொல்லும் முறையில் குறைத்து வர வேண்டும்.

எரிச்சல் முழுவதும் தணிந்த பிறகு, 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் தொடங்கலாம். 10 சதவீதத்தை விட இது எரிச்சல் குறைந்தது, பலனோ ஏறத்தாழ அதேதான். துணியின் சாயத்தை அது வெளுக்கும் என்பதால் வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் கறுத்து மாதக் கணக்கில் நிற்கும், பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் பூசாமல் அந்தக் கறுப்பு எளிதில் மங்காது.

சிவப்பு வெப்பத்தோடு பரவினால், காய்ச்சல் வந்தால், கண் வீங்கினால், தேன் நிறப் பொருக்கு கட்டினால் வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்துங்கள். முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கொத்தாக நீர்க்கொப்புளங்கள் வலியோடு வந்தால் அது அக்கியாக இருக்கலாம். குயவர் வீட்டுக்குச் சென்று காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழர்களிடையே இன்னும் உண்டு. ஆனால் அக்கி வைரஸால் வருவது; அதை அடக்கும் மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும், கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. மருத்துவரிடம் செல்லும்போது, இதுவரை தடவிய எல்லா ட்யூப்களையும் தீர்ந்துபோனவை உட்பட ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் களிம்பு முகத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை அவர் பெரும்பாலும் அவற்றைப் பார்த்தே அறிந்துகொள்வார்.