பழைய லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? பேநவ்வில் காசு அனுப்பத் தட்டும் முன் இதைத் தட்டுங்கள்

போன மாதம் அண்ணன் மகன் எம்ஆர்டி ஸ்டேஷன் வாசலிலேயே 380 வெள்ளி கொடுத்து ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்தான். "ஐ7 சித்தப்பா!" என்று பெருமை வேறு. திறந்து பார்த்தால் ஐ7-4600யு, 2013இல் வந்த இன்டெல் பிராசசர், அதாவது லேப்டாப்பின் மூளை. வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கோர் அதில் இரண்டே. விற்றவர் பொய் சொல்லவில்லை. ஐ7 என்பதற்குப் பிறகு வரும் எண்ணை இவன்தான் கேட்கவில்லை.

நீங்கள் கேட்கக்கூட வேண்டாம், லேப்டாப்பே சொல்லிவிடும். எதையும் டவுன்லோட் செய்யத் தேவையில்லை. கோப்பிக்கடையில் உட்கார்ந்து தே ஓ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

முதலில் விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆர் எழுத்தைத் தட்டுங்கள். வரும் சின்னப் பெட்டியில் டி எக்ஸ் டி ஐ ஏ ஜி என்ற ஆறு எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து என்டர். டிரைவர் பற்றி ஏதாவது கேட்டால் யெஸ் கொடுங்கள். சிஸ்டம் பக்கத்தில் மாடல், பிராசசர், மெமரி எல்லாம் இருக்கும். இன்டெல் என்றால் எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள்: 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 1165 என்றால் 11. நாலு கோர் உள்ள ஐ5-8250யு, அவன் வாங்கிய ஐ7ஐவிட எவ்வளவோ மேல். விண்டோஸ் 11 பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஏற்றுக்கொள்ளாது, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, அதனால் இது வெறும் வேகப் பிரச்சினை இல்லை.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் வேகமான எஸ்எஸ்டியா, மெதுவான பழைய ஹார்ட் டிஸ்க்கா என்று பாருங்கள். 512 ஜிபி என்று சொன்னது 476, 477 என்று தெரிந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் பேட்டரி. பலரும் விடுவது இதைத்தான், காசு போவதும் இதில்தான். மறுபடி விண்டோஸ், ஆர், இந்தத் தடவை சி எம் டி, என்டர். கறுப்புத் திரையில் பி ஓ டபிள்யூ இ ஆர் சி எஃப் ஜி, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து என்டர். கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்று திரையிலேயே காட்டும், பிரௌசரில் திறங்கள். டிசைன் கெப்பாசிட்டி என்பது புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இப்போது மிச்சமிருப்பது. 50,000 இருந்த இடத்தில் 29,000 என்றால் 58 விழுக்காடுதான். நானாக இருந்தால் 70க்குக் கீழே போனால் புது பேட்டரிக்கான காசை விலையில் குறைக்கச் சொல்வேன்.

மெமரி சோதனை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ், ஆர் தட்டினால் வரும் அதே சின்னப் பெட்டியில் எம் டி எஸ் சி எச் இ டி என்று அடித்தால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்துதான் பார்க்கும், நேரமும் எடுக்கும். அண்ணன் மகனுடையதில் ஓட்டிப் பார்த்தோம், ஒரு பிழைகூட இல்லை. அதற்காவது பையன் கொஞ்சம் சிரித்தான்.