ஏ எல் றிசல்ட்ஸும் இசட் ஸ்கோரும்: கனபேர் விடுற பிழைகள்

இலங்கையில கம்பஸ் (பல்கலைக்கழகம்) போறதுக்கு எழுதுற ஏ எல் (உயர்தர) சோதனை றிசல்ட்ஸ் வந்தோடன எல்லாரும் கேக்கிறது எத்தினை ஏ எண்டுதான். ஆனா கம்பஸுக்குப் பிள்ளையளை எடுக்கேக்க அந்த எழுத்தை வச்சு வரிசைப்படுத்திறேல்ல, பொதுவா மூண்டு பாடமும் பாஸா எண்டு பாத்திட்டு, வரிசைப்படுத்திறது இசட் ஸ்கோரை வச்சுத்தான். இது விளங்காததாலதான் பாடம் எடுக்கிறதில தொடங்கி போர்ம் நிரப்புற வரைக்கும் கனபேர் பிழை விடுகினம்.

75 இல இருந்து ஏ, 65 இல இருந்து பி, 55 இல இருந்து சி, அதுக்குக் கீழ சாதாரண பாஸான எஸ், அதுவும் வராட்டி பெயில், அதுதான் எஃப். இது உங்கட மார்க்ஸை மட்டும் பாத்துப் போடுறது. இசட் ஸ்கோர் அப்பிடியில்ல, அந்த வருசம் அந்தப் பாடம் எழுதின எல்லாற்ற சராசரியையும் உங்கட மார்க்ஸில இருந்து கழிச்சு, வாறதை நியம விலகலால (எல்லாற்ற மார்க்ஸும் சராசரியில இருந்து எவ்வளவு பரந்து கிடக்கு எண்ட அளவு) பிரிக்கிறது, பிறகு மூண்டு பாடத்திலயும் வந்ததைக் கூட்டி மூண்டால பிரிக்கிறது, அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஒரு பாடத்தில சராசரி 40, நியம விலகல் 15 எண்டு வைப்பம், அதில நீங்க 70 எடுத்தா உங்களுக்கு பி தான், ஆனா இசட் 2. இன்னொரு பாடத்தில சராசரி 60, விலகல் 10, அதில 75 எடுத்தா ஏ வந்திடும், ஆனா இசட் 1.5. இப்ப சொல்லுங்கோ எது பெரிசு? மூண்டு ஏ எடுத்தும் நினைச்ச கோர்ஸ் கிடைக்கேல்ல, பக்கத்து வீட்டுப் பெடியன் ரெண்டு ஏ, ஒரு பியோட அந்தக் கோர்ஸுக்குப் போயிட்டான் எண்டு அழுகிறதில அர்த்தமில்ல.

அதால "லேசான பாடம், ஏ எடுக்கலாம்" எண்டு ரியூசன் வாசல்ல ஆரோ சொன்னதைக் கேட்டுப் பாடம் எடுக்கிறதுதான் என்ர கண்ணில முதல் பிழை. உங்களுக்கு லேசெண்டா மற்றவைக்கும் லேசுதானே, சராசரியும் ஏறும். மற்றவையை விட உங்களுக்கு எது நல்லா வரும் எண்டு பாத்து எடுங்கோ.

இசட் மைனஸில வந்தா பெயில் எண்டு நினைச்சுப் பயப்பிடுற பிள்ளையளும் இருக்கினம். மைனஸ் எண்டா சராசரிக்குக் கீழ, வேற ஒண்டுமில்ல, பாஸ் பண்ணியும் மைனஸ் வரலாம்.

ரெண்டு பாடத்தில வெளுத்து வாங்கிப்போட்டு மூண்டாவதைக் கைவிடுற ஆக்களும் இருக்கினம். மூண்டுக்கும் ஒரே நிறைதான், அதோட ஒரே முறை எழுதினதில மூண்டிலயும் குறைஞ்சது எஸ் வேணும், ஒண்டில எஃப் விழுந்தா மற்ற ரெண்டு ஏயும் கம்பஸ் விசயத்தில உதவாது. கொமன் ஜெனரல் பேப்பர் (எல்லாருக்குமான பொதுப் பேப்பர்) இசட்டில சேராது எண்டு அதைத் திறந்தும் பாக்காம போறதும் இப்பிடித்தான், அதில 30 எடுக்காட்டி விண்ணப்பிக்கவே ஏலாது. எம்சிகியூவில (தந்த விடையளில ஒண்டைத் தெரிவு செய்யிற கேள்வி) தெரியாததை வெறுமையா விட்டிட்டு வாறவையும் இருக்கினம், ஏன் எண்டே விளங்கேல்ல, பிழைக்கு மார்க்ஸ் வெட்டுறேல்ல, ஏதாவது ஒண்டைக் கீறிப்போட்டு வாங்கோ.

அடுத்தது ஒப்பிடுறது. அக்கா அந்த வருசம் 1.8 எடுத்தவ, நீ 1.6 தான் எண்டு சொல்லுற அம்மா அப்பாமார் கவனிக்கோணும், வருசத்துக்கு வருசம் பேப்பரும் வேற, எழுதின ஆக்களும் வேற. மற்ஸ் பிள்ளையின்ர இசட்டையும் கொமர்ஸ் பிள்ளையின்ர இசட்டையும் பக்கத்தில வைக்கிறதும் அதே மாதிரித்தான். இந்தக் கணக்கு எந்தக் கூட்டத்துக்குள்ள செய்யிறது எண்டது எவ்வளவு முக்கியம் எண்டதுக்கு 2011 சோதனையே சாட்சி. பழைய சிலபஸும் புதுசும் ஒரே வருசம் எழுதி, ரெண்டையும் கலந்து இசட் போட்டு, அது வழக்காகி, 2012 இல உயர் நீதிமன்றம் தலையிட்டு வேறவேறயாத் திருப்பிப் போட வேண்டி வந்தது. அந்த பட்ச் பட்ட பாடு அவைக்குத்தான் தெரியும்.

கட் ஓஃப் (ஒரு கோர்ஸுக்கு எடுபட்ட கடைசி இசட்) பாக்கேக்க சிலர் கொழும்புக்குப் போட்டதைப் பாத்து மனம் உடையினம். பொதுவா 40 வீதம்தான் முழு இலங்கைக்கும் சேத்து திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் மன்னார், முல்லைத்தீவு, மொனராகலை மாதிரி பின்தங்கின மாவட்டங்களுக்கு மேலதிகமா. ஆகவே உங்கட மாவட்டத்து வரியைப் பாருங்கோ. போன வருசத்துக் கட் ஓஃப் இந்த வருசம் அப்பிடியே வரும் எண்டும் நினைக்காதேங்கோ.

கடைசியா யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) போர்ம், கோர்ஸுகளை விருப்ப வரிசையில எழுதிக் கம்பஸுக்கு விண்ணப்பிக்கிறது. கிடைக்கிற மாதிரி இருக்கிறதை மேல போட்டு, ஆசைப்பட்டதைக் கீழ போடுறவை கனபேர். வரிசையில மேல இருந்து பாத்துக்கொண்டு வந்து உங்கட இசட்டுக்கு முதல்ல பொருந்துறதைத்தான் தருவினம், அதோட நிப்பாட்டிப் போடுவினம், கீழ இருக்கிற ஆசை கோர்ஸுக்கு உங்கட இசட் காணுமெண்டாலும் அங்க போகாது. ஆசைப்பட்டதை மேல போட்டு அது கிடைக்காட்டியும் கீழ போட்டதுக்கு உங்கட சான்ஸ் ஒரு துளியும் குறையாது.