வெளிவழிதான் முதலில்: ஸ்போர்ட்ஸ் கார் பாடியில் காற்றோட்டமும் குளிர்ச்சியும்

எஞ்சின் சூடேறுகிறது என்றதும் பலர் முதலில் கை வைப்பது முன் பம்பரில்தான். கிரில்லை வெட்டி அகலப்படுத்துவார்கள், பக்கத்தில் இன்னும் இரண்டு துளை போடுவார்கள். அப்படியும் வெப்பமானியின் முள் இறங்காது. ரேடியேட்டர் வழியாகக் காற்றைத் தள்ளுவது முன்பக்கத் துளையின் அகலம் அல்ல. ரேடியேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு. பானட்டுக்குள் புகுந்த காற்றுக்குப் போக இடமில்லை என்றால் அங்கே அழுத்தம் ஏறிவிடும். அப்புறம் முன்னால் எவ்வளவு பெரிய வாய் வைத்தாலும் காற்று உள்ளே வராமல் காரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அடைபட்ட அந்த அழுத்தம் பானட்டின் அடியில் மேல்நோக்கி அழுத்தி முன்சக்கரங்களின் பாரத்தையும் குறைக்கும். அதனால் குளிர்ச்சிக்குத் தனி வேலை, ஏரோவுக்கு (காரின் மேல் காற்று செலுத்தும் விசைகளுக்கு) தனி வேலை என்று பிரிக்க வேண்டாம். வேலையை வெளிவழியிலிருந்து, அதாவது புகுந்த காற்று வெளியேறும் வழியிலிருந்து தொடங்குங்கள்.

கையில் இருக்கும் அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் ஒவ்வொரு மில்லிமீட்டரின் அருமையும் புரியும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காரின் மூக்கில் காற்று முழுவதுமாக நிற்கும் புள்ளியில் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் ஏறக்குறைய 47 மி.மீ. நீர்மட்ட உயரம். 150 கி.மீ. வேகத்தில் 106 மி.மீ., 200 கி.மீ. வேகத்தில் 189 மி.மீ. முன்பக்கம் தரக்கூடியது அவ்வளவுதான். அதைக் கசியவிடாமல் காப்பதும், மறுபக்கத்தில் அழுத்தத்தைக் குறைப்பதும்தான் நம் வேலை.

வெட்டுவதற்கு முன் அளவு எடுங்கள்

கடையில் கிடைக்கும் பானட் வென்ட் (காற்று வெளியேறும் திறப்பு) அழகாக இருக்கிறது என்பதற்காக அதை வாங்கிப் பார்வைக்குப் பொருந்துகிற இடத்தில் வைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. விண்ட்ஷீல்டின் அடிப்பகுதி காற்று மோதித் தேங்குகிற இடம். அங்கே அழுத்தம் கூடுதல். அதை ஒட்டி வென்ட் வைத்தால் வேகத்தில் காற்று வெளியே வராது, உள்ளே போகும். பானட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடுவதும் இதே தவறுதான். கார் நிற்கும்போது சூடு வெளியேறும், ஓடும்போது ரேடியேட்டருக்கு எதிராக வேலை செய்யும்.

குறைந்த அழுத்தம் எங்கே என்று கண்டுபிடிக்கச் செலவு மிகக் குறைவு. உள்விட்டம் 5 அல்லது 6 மி.மீ. உள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாய் நான்கைந்து மீட்டர் வாங்குங்கள். நடுப்பகுதியை ‘ப’ வடிவத்தில் ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, நிறம் கலந்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு ஊற்றி, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள். ஒரு முனையை அடைத்து, அதன் பக்கவாட்டில் 1 மி.மீ. துளைகள் நாலைந்து போட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சின் அறையில் கட்டுங்கள். மறுமுனையை, நடுவில் துளையிட்ட 70 மி.மீ. மெல்லிய பிளாஸ்டிக் வட்டின் துளைக்குக் கொண்டுவந்து ஒட்டுங்கள். வட்டைப் பானட்டின் மேல் வைத்து விளிம்பெல்லாம் டேப்பால் வழவழப்பாக மூடிவிடுங்கள். குழாயை வட்டுக்குப் பின்புறமாகக் கொண்டுபோங்கள்.

இப்போது மூடிய டிராக்கில் ஒரே சீரான வேகத்தில், 100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் ஓட்ட இன்னொருவர் படிக்க வேண்டும். பானட் பக்கக் குழாயில் தண்ணீர் ஏறினால் அங்கே அழுத்தம் குறைவு, காற்று வெளியே வரும். இறங்கினால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். பலகையைக் காரின் குறுக்காகப் பிடியுங்கள். நீளவாக்கில் பிடித்தால் வேகம் கூடும்போதும் பிரேக் போடும்போதும் தண்ணீர் சாய்ந்து பொய்யான அளவைக் காட்டும். காற்று வீசும் நாளில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். பெரும்பாலான கார்களில் நல்ல இடம் பானட்டின் முன் மூன்றிலொரு பகுதியில், மூக்கின் வளைவு முடிந்து தட்டையாகும் இடத்தில் அமையும். அது ரேடியேட்டருக்கு நேர் பின்னால் இருப்பது நமக்கு வாய்த்த வசதி.

கம்பளி நூலும் உதவும். 60 மி.மீ. துண்டுகளை 75 மி.மீ. இடைவெளியில் டேப்பால் ஒட்டி, பக்கத்தில் ஓடும் காரிலிருந்து படம் பிடியுங்கள். நூல் படிந்து நேராக நின்றால் காற்று ஒட்டி ஓடுகிறது. சுழன்றால், முன்னோக்கித் திரும்பினால், அங்கே காற்று பிரிந்துவிட்டது. ஆனால் நூல் திசையை மட்டுமே காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. அதனால் நூலை மட்டும் நம்பி வெட்ட வேண்டாம்.

ரேடியேட்டரைச் சுற்றி அடைப்பு

பலனுக்கும் செலவுக்கும் உள்ள கணக்கில் இதை மிஞ்சும் வேலை இல்லை. 600 × 400 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 2 மீட்டர். சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி இருந்தால் கசிவுப் பரப்பு 200 சதுர செ.மீ. இந்த ரேடியேட்டருக்குத் தேவையான முன் திறப்போ, பம்பரிலிருந்து ரேடியேட்டர் வரையான காற்றுப்பாதையில் (டக்ட்) கசிவே இல்லாவிட்டால், முகப்பரப்பில் கால் முதல் மூன்றிலொரு பங்கு, அதாவது 600 முதல் 800 சதுர செ.மீ. மட்டுமே. கசிவு அதில் கால்வாசிக்கு மேல்! போதாததற்கு, ரேடியேட்டரின் நெருக்கமான மெல்லிய தகட்டுத் துடுப்புகளுக்குள் நுழைவதைவிட திறந்த இடுக்கில் போவது காற்றுக்கு எளிது.

முதலில் அட்டையில் வெட்டி அளவு பாருங்கள். பிறகு 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் மேல், கீழ், இரு பக்கம் என நான்கு பலகைகள் செய்து, பம்பர் திறப்பிலிருந்து ரேடியேட்டர் வரை பெட்டி போல மூடுங்கள். தகடு ரேடியேட்டரை நேராகத் தொடக் கூடாது. அதிர்வில் துடுப்பை அறுத்துவிடும். 10 மி.மீ. இடைவெளி விட்டு அதை மூடிய துளை கொண்ட ரப்பர் நுரைப் பட்டையால் அடையுங்கள். சாதாரண பஞ்சு நுரை எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தீப்பிடிக்கக் காரணமாகும். பம்பர் திறப்பின் விளிம்பு கூராக இருந்தால் காற்று உள்ளே நுழைந்த உடனே பிரியும். 10 முதல் 15 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிடுங்கள். டக்ட் விரிய வேண்டுமானால் ஒரு பக்கத்துக்கு 7 டிகிரிக்குள் விரிவது நல்லது. இடமில்லாத காரில் அதற்கு மேல் போகத்தான் வேண்டியிருக்கும். ரேடியேட்டரின் தடையே காற்றைப் பரப்பிக் கொடுப்பதால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

மின்விசிறியின் மூடுதட்டு முழு ரேடியேட்டரையும் மறைத்திருந்தால், அதிவேகத்தில் காற்று விசிறி வட்டத்தின் வழியாக மட்டுமே போக முடியும். தட்டில் சதுரங்கள் வெட்டி, மேல்விளிம்பு மட்டும் பிடித்த மெல்லிய ரப்பர் மடல்களைப் பின்பக்கத்தில் தொங்கவிடுங்கள். வேகத்தில் திறக்கும், நிற்கும்போது விசிறியின் உறிஞ்சலில் தானே மூடிக்கொள்ளும்.

பானட்டை வெட்டுதல்

சூடான காற்று விரியும். 30 டிகிரியில் நுழைந்து 80 டிகிரியில் வெளிவரும் காற்றின் கனஅளவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். அதோடு வலை, மடல் ஆகியவை அடைக்கும் பரப்பும் சேர்ந்தால், வெளிவழி உள்வழியைப் போல 1.3 முதல் 1.5 மடங்கு இருப்பது சரி. மேலே சொன்ன ரேடியேட்டருக்கு 300 × 150 மி.மீ. அளவில் இரண்டு திறப்புகள், மொத்தம் 900 சதுர செ.மீ. காரின் அடிப்பகுதி திறந்தே இருக்கப்போகிறது என்றால் இதில் பாதியோடு தொடங்கி அளந்து பாருங்கள். வெட்டியதைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

பானட்டின் அடியில் உள்ள விறைப்புச் சட்டங்களையும் பூட்டு இருக்கும் இடத்தையும் முதலில் மேல்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்தை வெட்டினால் பானட் வேகத்தில் துடிக்கும், மோதலில் மடிய வேண்டிய விதத்தில் மடியாது. நான்கு மூலைகளிலும் துளை போட்டுவிட்டுத் துளைக்குத் துளை ஜிக்சாவில் வெட்டுங்கள். கூர் மூலையில்தான் விரிசல் பிறக்கும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு, அடியில் டேப், மெதுவான வேகம். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து அன்றே பிரைமர் அடியுங்கள். பூட்டு பலவீனப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் பானட்டை மேலிருந்து பிடித்துப் பூட்டும் ‘பானட் பின்’ இரண்டு போட்டுவிடுங்கள்.

திறப்பின் முன்விளிம்பில் 10 முதல் 15 மி.மீ. உயரத்துக்குச் செங்குத்தான உதடு ஒன்று வையுங்கள். ஓடும் காற்று அதைத் தாண்டும்போது பின்னால் அழுத்தம் இறங்கி, உள்ளே உள்ளதை இழுத்துக்கொள்ளும். 1971இல் டான் கர்னி பந்தயக் காரின் விங் விளிம்பில் ஒட்டிப் பார்த்த சிறு தகட்டின் உறவுக்காரன்தான் இது. திறப்பின் பின்விளிம்பு பானட்டின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வளைந்து இறங்க வேண்டும். அது மேலே துருத்திக்கொண்டிருந்தால் கரண்டி போலக் காற்றை உள்ளே வாரிவிடும். மழை நேராக இக்னிஷன் காயில் மீதும் ஆல்டர்னேட்டர் மீதும் இறங்கும் என்பதை மறக்காதீர்கள். சாலையில் ஓடும் காருக்கு அடியில் சரிவான நீர்த்தட்டு ஒன்றும், நிறுத்தி வைக்கும்போது போடும் மூடியும் கட்டாயம்.

1945இல் அமெரிக்க வான்வழி ஆய்வுக்குழு வெளியிட்ட, மேற்பரப்போடு படிந்த ‘நாகா’ திறப்பைச் சிலர் ரேடியேட்டருக்கே போடுகிறார்கள். அது இழுவை குறைவான நல்ல வடிவம்தான். ஆனால் எதிரழுத்தம் கூடினால் ஓட்டம் சட்டென்று விழுந்துவிடும். ஓட்டுநர் அறைக்கும் சிறு எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும் அது போதும், ரேடியேட்டருக்கு வேண்டாம்.

அடித்தட்டும் பிரேக்கும்

மேலே வெளிவழி கிடைத்த பிறகுதான் கீழே மூட வேண்டும். வரிசை மாறினால் எஞ்சின் வெந்துவிடும். பம்பரிலிருந்து முன் அச்சு வரை 1.5 மி.மீ. அலுமினியமோ 3 மி.மீ. அலுமினியக் கலப்புப் பலகையோ போடலாம். புகைக்குழாயிலிருந்து குறைந்தது 50 மி.மீ. தள்ளி வையுங்கள், நடுவில் வெப்பத்தடுப்புத் தகடும் வேண்டும். எண்ணெய் மாற்றும் இடத்தில் கால் சுற்றுத் திருகினால் திறக்கும் பூட்டுள்ள கதவு வைத்தால் பிறகு நன்றி சொல்வீர்கள். தேங்கும் எரிபொருள் வடியத் துளைகள் விடுங்கள்.

பிரேக்குக்கு 63 அல்லது 76 மி.மீ. சிலிக்கோன் குழாய். வாயைப் பம்பரின் நேர்முகத்தில், அழுத்தம் கூடிய இடத்தில் வையுங்கள். காற்று போய்ச் சேர வேண்டியது டிஸ்க்கின் முகத்துக்கு அல்ல, நடுக்கண்ணுக்கு. அங்கிருந்து டிஸ்க்கின் உள் இதழ்களே பம்பு போல அதை வெளியே வீசும். ஒரு முகத்தில் மட்டும் ஊதினால் இரு முகமும் வேறு வேறு சூட்டில் இருந்து டிஸ்க் கிண்ணம் போல வளையும், விரிசல் விடும். சக்கரத்தை இருபக்கமும் முழுக்கத் திருப்பி, சஸ்பென்ஷனை முழுக்க அழுத்திக் குழாய் உரசுகிறதா என்று பாருங்கள். விளிம்பில் பூசும் வெப்பச் சாயங்கள் 430, 560, 610 டிகிரியில் நிறம் மாறும். அவற்றைப் பார்த்துத்தான் குழாய் பெரிதாக வேண்டுமா, சிறிதாக வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

முன்னுக்கு முன் பின்

முன் பம்பரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான பலகையான ஸ்பிளிட்டர் செய்வது எளிது, பார்க்கவும் அழகு. அதனாலேயே எல்லோரும் அதை முதலில் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். முன்சக்கரத்தில் பாரம் கூடி பின்சக்கரம் அப்படியே இருந்தால், மெதுவான வளைவில் சாதுவாக இருக்கும் கார் 150 கி.மீ. வளைவில் வாலை வீசும். வேகத்தில் காற்று காரின் பின்பக்கத்தை மேலே தூக்கும் இந்தத் தூக்கல் விளையாட்டல்ல. முதல் தலைமுறை ஆடி டிடி அதிவேக விபத்துகளுக்குப் பிறகு திரும்ப அழைக்கப்பட்டபோது பொருத்தப்பட்டவற்றில் ஒன்று சிறிய பின் ஸ்பாய்லர். 1972இல் அறிமுகமான போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரின் வாத்து வாலும் அதே தூக்கலைக் குறைக்கத்தான் வந்தது.

ஆகவே முதலில் பின்னால் 25 முதல் 50 மி.மீ. உயர ஸ்பாய்லரோ விங்கோ பொருத்துங்கள். விங்கின் தூண் டிக்கியின் தகட்டில் அல்ல, சேஸியில் இறங்க வேண்டும். கூரையைத் தாண்டும் காற்று நடுவில் கீழ்நோக்கி வருவதால், தரையை வைத்துக் கோணம் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். நூலை ஒட்டி அந்த இடத்துக் காற்றின் திசையைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். காரின் அடியில் பின்னோக்கி மேலே சரியும் பலகையான டிஃப்யூசர் போடுவதானால் 7 முதல் 10 டிகிரியில் தொடங்குங்கள். அதற்கு முன் உள்ள அடிப்பகுதி தட்டையாக இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

அதன் பிறகு ஸ்பிளிட்டர். 12 மி.மீ. பிர்ச் பிளைவுட், எல்லா விளிம்பிலும் எப்பாக்சி இரண்டு பூச்சு, முன்விளிம்பு அரைவட்டம், பம்பரைத் தாண்டி 50 முதல் 75 மி.மீ. நீட்டம். பிளாஸ்டிக் பம்பரில் தொங்கவிடக் கூடாது. சேஸி நுனியில் எட்டு மி.மீ. போல்ட்டும் பெரிய வாஷரும் கொண்டு பிடித்து, முன்னால் இரண்டு தாங்கு கம்பி போடுங்கள். ஆள் ஒருவர் மேலே ஏறி நிற்கட்டும். 5 மி.மீ.க்கு மேல் வளைந்தால் தாங்கி போதாது. வேகத்தில் கழன்று டயருக்கு அடியில் போனால் ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. பம்பருக்கும் பலகைக்கும் இடையே இடுக்கு விடாதீர்கள். தரையிலிருந்து 80 முதல் 100 மி.மீ. உயரத்தில் தொடங்குங்கள். மிகத் தாழ்த்தினால் பிரேக் போட்டு மூக்கு இறங்கும் கணத்தில் அடியில் காற்று அடைபட்டு, பிடிப்பு தேவைப்படும் அதே நேரத்தில் பாரம் மறைந்துவிடும்.

பலனை அளத்தல்

எஞ்சின் நீரின் சூட்டை மட்டும் பார்க்காதீர்கள். வெளிக்காற்றின் வெப்பத்தை அதிலிருந்து கழித்து வரும் வேறுபாட்டைக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த காலையில் எடுத்த அளவு உங்களை ஏமாற்றும். எஞ்சின் நீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்காத நிலையில் அந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரே வேகம், ஒரே எண்ணிக்கைச் சுற்று.

சூடு வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டால் இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. முன் திறப்பின் ஒரு ஓரத்தில் 50 மி.மீ. அகலத்துக்கு டேப் ஒட்டி ஓட்டுங்கள். முள் ஏறாவிட்டால் இன்னொரு 50 மி.மீ. இப்படிச் சூடு ஏறத் தொடங்கும் வரை மூடிக்கொண்டே போய், கடைசி டேப்பை மட்டும் பிரித்துவிடுங்கள். மீதமுள்ள டேப் இருந்த இடத்துக்குத் தகடு வெட்டி நிரந்தரமாக அடைத்துவிடலாம்.