ஊருக்குப் போகும்போது காணி அலுவலும் இருந்தால்

விடுமுறையில் யாழ்ப்பாணம் போகிறவர்களில் பலர், பெற்றோர் விட்டுப்போன காணியை இந்த முறை முடித்துவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் விமானம் ஏறுகிறார்கள். மூன்று கிழமையில் அது முடியாது. மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை உரியவர்களுக்குச் சேர்ப்பிக்கும் வழக்கு) மாவட்ட நீதிமன்றத்தில் தன் வேகத்தில்தான் நகரும். அதைச் சட்டத்தரணியிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் நேரில் நின்றால்தான் ஒழுங்காக நடக்கும் வேலைகள் வேறு இருக்கின்றன.

அவற்றில் முதலாவது உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, தேடிப் பார்ப்பது. பங்குப் பேச்சு அதற்குப் பிறகு. "கிணற்றடிப் பக்கம் உனக்கென்று அப்பா சொன்னவர்" என்ற கதை நீதிமன்றத்தில் எடுபடாது. காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதா? பதற வேண்டாம். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இணைப்பிரதியும் காணிப்பதிவகத்துக்குப் போயிருக்க வேண்டும். உறுதி இலக்கம், தேதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பெரியம்மாவிடமும் சித்தப்பாவிடமும் இவற்றை இப்போதே தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள்.

பிரதி கைக்கு வந்ததும் அட்டவணையை நிதானமாக வாசியுங்கள். காணியின் பெயர், பரப்பும் குழியும் (18 குழி ஒரு பரப்பு), நான்கு எல்லைகள் எல்லாம் அதில் இருக்கும். "கிழக்கு: இன்னாரும் பங்காளிகளும்" என்று எழுதியிருக்கும், அந்த இன்னார் போய்ச் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். அதனால் பக்கத்துக் காணிக்காரரையும் நில அளவையாளரையும் கூட்டிக்கொண்டு எல்லையை ஒருமுறை நடந்து பாருங்கள். வேலி நகர்ந்திருந்தால் அங்கேதான் தெரியவரும். இன்னொன்றையும் கவனியுங்கள். பெற்றோர் சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு பிள்ளைக்கு நன்கொடையாகவோ சீதனமாகவோ எழுதியிருந்தால், அவர்கள் இறந்ததும் அந்தக் காணி முழுமையாகப் பிள்ளையுடையது. பங்கிடும் சொத்தில் அது சேரவே சேராது. சகோதரர்கள் ஆண்டுக்கணக்காகச் சண்டை பிடிக்கும் காணி சிலவேளை இப்படி எப்போதோ கைமாறியதாக இருக்கும்.

அப்பா கொடுத்த அற்றோர்ணித் தத்துவம் (தன் சார்பில் அலுவல் பார்க்க எழுதிக் கொடுத்த அதிகாரம்) தம்பியிடம் இருக்கிறது, அவன் பார்த்துக்கொள்வான் என்று நம்பாதீர்கள். கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். உரித்தாளிகள் ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். நாட்டில் நிற்கும்போதே கையெழுத்து வைத்தால் பிறகு தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பராமரிக்க, வாடகைக்குக் கொடுக்க, வழக்கில் தோன்ற அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை, விலையும் வாங்குபவரும் முடிவாகும் வரை, நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட குடும்பமென்றால் முதுசொம் (முன்னோர்வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்ற பிரிவைப் பொறுத்தே உரித்து மாறும். திருமணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. அக்கா கையெழுத்து வைக்க ஊருக்கு வந்துவிட்டார், அத்தான் ரொறன்ரோவில் நிற்கிறார் என்றால் அலுவல் அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் சொந்த மரண சாதனம் (உயில்) பற்றி: இங்கிலாந்தில் இரண்டு சாட்சிகளோடு எழுதியது அங்கே செல்லும். இலங்கைச் சட்டமோ நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் கேட்கிறது. ஊர்க் காணிக்கு ஊரிலேயே தனியாக ஒன்று எழுதுவது நல்லது. எழுதும்போது, "இதற்கு முன் எழுதிய அனைத்தையும் ரத்துச் செய்கிறேன்" என்ற வழக்கமான வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். அது உங்கள் வெளிநாட்டுச் சாதனத்தையும் சேர்த்து அடித்துவிடலாம். "இலங்கையிலுள்ள சொத்துக்கு மட்டும்" என்று திருத்தச் சொல்லுங்கள்.

பணம் நீங்கள் அனுப்பி, காணி அண்ணன் பெயரில் வாங்கியிருக்கிறதா? 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், அவருக்குக் கொடுக்கும் எண்ணத்தில் நீங்கள் பணம் தரவில்லை என்று தெரியவந்தால், அவர் அதை உங்களுக்காகவே வைத்திருப்பதாகக் கொள்ளும். நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. வங்கிச் சீட்டுகளையும் அக்காலக் கடிதங்களையும் எறியாதீர்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இலங்கையில் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நெருங்கிய உறவினரிடமிருந்து சட்டப்படி உரித்தாக வருவதற்கு விலக்கு உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் உண்டு.

புறப்படுமுன் பெயர்களையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். உறுதியில் ஒரு எழுத்துக்கூட்டல், இறப்புச் சான்றிதழில் இன்னொன்று, உங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் கொண்டுபோங்கள்.